ஏசிஎல் + மெனிஸ்கஸ் தையல்: முட்டி 95 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை, என்ன செய்யலாம்?

#1 – இடதுமுட்டி

எல்லோருக்கும் வணக்கம். இடது முட்டியில் ஏசிஎல் ஜவ்வை (தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் பிணைப்பது) புதிதாகப் போட்டார்கள், கிழிந்த மெனிஸ்கஸையும் (அந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) தைத்தார்கள். இரண்டும் ஒரே அறுவையில். இப்போது ஏழாவது வாரம் ஓடுகிறது. ஆறு வாரம் முடியும்வரை 90 டிகிரிக்கு மேல் (நேராக நீட்டினால் 0) மடங்காதபடி பிரேஸை, அதாவது முட்டியைப் பிடித்துவைக்கும் கட்டை, பூட்டியே வைத்திருந்தார்கள். போன வாரம்தான் பூட்டை எடுத்தார்கள். எடுத்ததும் சுலபமாக மடங்கிவிடும் என்று இருந்தேன். 95 வரை வருகிறது, அதற்கு மேல் அசைய மாட்டேன் என்கிறது. முட்டிச் சில்லுக்கு மேலே இறுக்கிப் பிடிக்கிறது.

என்னோடு வேலை செய்பவருக்கும் ஏசிஎல்தான். அவர் ஆறாவது வாரத்திலேயே 125 தொட்டதாகப் படம் எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. என் பிசியோவைக் கேட்டால் "வரும், வரும்" என்பதோடு சரி.

எவ்வளவு வலிவரை அழுத்தலாம்? வீட்டில் யாரையாவது பிடித்து மடக்கச் சொல்லலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 – கோல்கீப்பர்77

கட்டாயம் அழுத்த வேண்டும், தம்பி. முட்டி துருப்பிடித்த கீல் மாதிரி. சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அப்படியே இறுகிவிடும். எனக்கு ஏசிஎல் செய்தபோது தம்பியைக் காலைப் பிடித்து மடக்கச் சொன்னேன். கத்தினேன், ஆனால் மடங்கியது. குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் கணுக்காலைப் பிடித்துப் பிட்டம் நோக்கித் தள்ளட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால் இரண்டு வாரத்தில் 120.

#3 – இயன்முறை

தள்ளுவதற்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், இடதுமுட்டி.

மல்லாந்து படுத்துக் காலை முழுசாகத் தளர விட்டால், முட்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிறதா? நல்ல காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது, முட்டியை மடக்காமல் காலை மேலே தூக்கும்போது நேராகவே எழும்புகிறதா, இல்லை முட்டி கொஞ்சம் தொங்குகிறதா? கடைசியாக, மாலையில் முட்டியின் சுற்றளவு காலையில் இருப்பதைவிடக் கூடுகிறதா?

நான் இயன்முறை மருத்துவர். ஆனால் உங்கள் முட்டியை நான் பார்க்கவில்லை. தையல் எந்த இடத்தில், எப்படிப் போட்டார்கள் என்பது அறுவை செய்தவருக்குத்தான் தெரியும். அதனால் அவர் சொன்ன வரம்பை என் பேச்சைக் கேட்டு மீற வேண்டாம்.

#4 – இடதுமுட்டி

தரையைத் தொடவில்லை. இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது. நல்ல காலில் விரல் நுழையவே இல்லை. இதை இதுவரை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. மருத்துவமனையில் இருந்தபோதே முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிட்டார்கள், வீட்டிலும் அப்படியேதான் தூங்குகிறேன். சுகமாக இருக்கிறது.

காலைத் தூக்கினால் கொஞ்சம் தொங்குகிறது. மாலையில் வீக்கம் உண்டு, டேப் வைத்து அளந்தது இல்லை.

#5 – இயன்முறை

முதல் வேலையாக அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே.

உங்கள் 95 எனக்குப் பெரிய கவலையாகப் படவில்லை. விரல் நுழைகிற அந்த இடைவெளிதான் கவலை. மடங்குவது பல மாதங்கள் மெதுவாகக் கூடிக்கொண்டே போகும், பெரும்பாலும் வந்துவிடும். நீட்டுவது அப்படி இல்லை. முதல் சில வாரங்களில் வராத நேர்நிலையை மூன்று மாதம் கழித்து வாங்குவது பெரிய பாடு. மூட்டுக்குள் தழும்புத் திசு இறுகிவிடும். சிலருக்குப் புது ஜவ்வுக்கு முன்னால் ஒரு தழும்பு முடிச்சு உருண்டு, கதவிடுக்கில் சிக்கியதுபோல் நீட்டவிடாமல் தடுக்கும். அதற்கு சைக்ளாப்ஸ் என்று பெயர். அது வந்துவிட்டால் பயிற்சியால் போகாது, ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) வைத்து எடுக்க வேண்டியிருக்கும்.

ஐந்து டிகிரிதானே என்று விட்டுவிடாதீர்கள். நேராக நிற்கும்போது முட்டி முழுசாக நீண்டிருந்தால் முன் தொடைத் தசைக்கு அதிகம் வேலை இல்லை. ஐந்து டிகிரி மடங்கியே இருந்தால் நிற்கிற நேரமெல்லாம் அந்தத் தசை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு சூம்பிப்போன தசையால் அது முடியாது. கால் நொண்டும், அப்புறம் சில்லுக்கு முன்னால் வலி தொடங்கும்.

உங்கள் நண்பருடைய 125ஐப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு மெனிஸ்கஸ் தைத்தார்களா என்று கேளுங்கள். தைக்காமல் ஏசிஎல் மட்டும் என்றால் பல மருத்துவர்கள் மடக்குவதற்கு வரம்பே வைக்க மாட்டார்கள். தைத்தவர்களுக்கு 4 முதல் 6 வாரம் 90 டிகிரி வரம்பு என்பது பரவலான வழக்கம். முட்டி ஆழமாக மடங்கும்போது தொடை எலும்பின் உருண்டை முனை பின்னால் உருண்டு மெனிஸ்கஸின் பின்பகுதியை அழுத்தும். தையல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வரம்பு எடுத்த ஒரே வாரத்தில் 95 என்றால் நீங்கள் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. அவர் ஓடுவது வேறு பந்தயம்.

இப்போது இடைவெளியைச் சரியாக அளந்து சொல்லுங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, இரண்டு சில்லும் கட்டில் விளிம்புக்குச் சற்று வெளியே இருக்கும்படி நகருங்கள். கீழ்க்கால் இரண்டும் காற்றில் தொங்கட்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. இடது குதிகால் வலது குதிகாலைவிட எத்தனை சென்டிமீட்டர் உயரமாக நிற்கிறது என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஏறக்குறைய ஒரு டிகிரி.

#6 – கோல்கீப்பர்77

ஐயா, நீட்டுவது முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மடக்குவதை இப்படி "மெதுவாக வரும்" என்று விட்டால் ஆள் சோம்பேறி ஆகிவிடுவார். வலிக்காமல் யாருக்கும் மடங்கியது கிடையாது. எனக்கு மடங்கியதா இல்லையா?

#7 – தட்டும்திருகும்

எனக்கு ஏசிஎல் இல்லை. விபத்தில் கணைக்கால் எலும்பின் மேல்தட்டு நொறுங்கி, தட்டு வைத்துத் திருகு போட்டார்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும். இரண்டு மாதத்துக்கு மேல் காலைத் தரையில் ஊன்றக்கூடாது என்றார்கள். பிரேஸைக் கழற்றியபோது முன் தொடை பாதியாகச் சுருங்கியிருந்தது.

கோல்கீப்பர் சொல்கிற மாதிரி ஒருவர் எனக்கும் வாய்த்தார். பிசியோ என்றுதான் சொன்னார்கள். வந்த அன்றே முட்டியின் மேல் உட்காராத குறையாக அழுத்தினார். அன்று 10 டிகிரி கூடியது, எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலை முட்டி வீங்கி, சில்லு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கூடிய 10 போய், அதற்கு முன்னால் இருந்ததும் போனது. அதற்குப் பிறகு அவர் கையைப் பார்த்தாலே தொடை தானாக இறுகும். இறுகிய தசையை எதிர்த்து எப்படி மடக்குவது?

ஆளை மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது. புதியவர் அழுத்தவே இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, நல்ல பாதத்தைக் காயப்பட்ட கணுக்காலுக்கு முன்னால் கோத்து, நானே பின்னால் தள்ளச் சொன்னார். எவ்வளவு தள்ளுவது, எப்போது விடுவது எல்லாம் என் கையில். ஒரு வருடம்வரை கூடிக்கொண்டே வந்தது, 125இல் நின்றது. குந்தி உட்கார முடியாது, மற்ற எல்லாம் நடக்கிறது.

#8 – இயன்முறை

கீல் இரவோடு இரவாக வீங்காது, கோல்கீப்பர். முட்டி வீங்கும். அங்கேதான் உங்கள் கணக்கு இடிக்கிறது.

மூட்டுக்குள் நீர் சேர்ந்தால் நரம்பு மண்டலமே முன் தொடைத் தசையை அணைத்துவிடுகிறது. நல்ல முட்டிக்குள் உப்பு நீரை ஊசியால் செலுத்திப் பார்த்த ஆய்வுகள் 1980களிலேயே வந்தன. 20, 30 மில்லி சேர்ந்தாலே தொடையின் உள்பக்கத் தசை சோர்ந்தது. ஆள் சோம்பேறியா சுறுசுறுப்பா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீக்கம் இருக்கும்வரை தசை எழும்பாது. தசை எழும்பாவிட்டால் சில்லு மேலே இழுபடாது, முட்டியும் முழுசாக நீளாது.

வலியே கூடாது என்று நான் சொல்லவில்லை. இழுவை தெரிய வேண்டும். பத்துக்கு மூன்று, நான்கு வரை வலி இருக்கலாம். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட வேண்டும். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், எத்தனை டிகிரி கிடைத்திருந்தாலும் சரி. உங்களுக்கு மடங்கியது, சந்தோஷம். புது மெனிஸ்கஸ் தையல் உள்ளவரை இன்னொருவர் குப்புறப் போட்டுத் தள்ளச் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

#9 – கோல்கீப்பர்77

எனக்கு மெனிஸ்கஸ் தையல் இல்லை என்பது உண்மைதான். சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் பல்லைக் கடிக்காமல் எதுவும் வராது என்பதில் மாற்றமில்லை :)

#10 – இரும்புமூட்டு

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், பிள்ளைகளா. எனக்கு 66 வயது, வலது முட்டி மாற்று அறுவை முடிந்து ஐந்து வாரம். மடங்குவது 82. மருத்துவமனையில் ஒரு மெஷினில் காலை வைத்துத் தானாக மடக்கி நீட்டினார்கள். அதை வாடகைக்கு எடுத்தால் சீக்கிரம் வரும் என்று மகன் சொல்கிறான். இன்னொரு மருத்துவர், வராவிட்டால் மயக்கம் கொடுத்து மடக்கிவிடலாம் என்றார். அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஏசிஎல்காரர்களுக்குச் சொன்னது எனக்கும் பொருந்துமா?

#11 – இயன்முறை

அம்மா, நீட்டுவது முதலில் என்பதும் வீக்கக் கணக்கும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். முட்டிக்கு அடியில் தலையணை உங்களுக்கும் கூடாது.

மெஷினுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். முட்டி மாற்று அறுவைக்குப் பிறகு அதைப் பயன்படுத்தியவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. மெஷின் மடக்கும்போது உங்கள் தசை தூங்குகிறது. அதே நேரத்தில் நீங்களே குதிகாலை வழுக்கி மடக்கினால் தசையும் வேலை செய்யும்.

மயக்கத்தில் மடக்குவது பற்றிப் பயப்பட வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். ஆறாவது வாரத்துக்குப் பிறகும் 90ஐ எட்டாவிட்டால்தான் அந்தப் பேச்சை எடுப்பார்கள். செய்வதாக இருந்தால் பன்னிரண்டாவது வாரத்துக்குள் செய்வது நல்லது, அதற்கு மேல் தழும்பு முற்றிவிடும். எலும்பு முறிவு, தசைநாண் கிழிவு என்று அரிதாக ஆபத்தும் உண்டு, அதனால் அறுவை செய்தவரே முடிவு செய்யட்டும். ஐந்தாவது வாரத்தில் 82 என்றால் கதவு மூடிவிடவில்லை.

ஒன்று கேட்கிறேன், அறுவைக்கு முன்னால் எவ்வளவு மடங்கியது? பின்னால் கிடைக்கப்போவதை ஊகிக்க அதுதான் நல்ல அடையாளம். முன்பே 100தான் என்றால், பக்கத்துப் படுக்கைக்காரருடைய 120ஐ நினைத்து ஏங்க வேண்டாம். நடக்க 60, 65 டிகிரி போதும். படி ஏற 85 அளவில், இறங்க 90 முதல் 100, சாதாரண நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஏறக்குறைய அதே அளவு. 110 வந்துவிட்டால் அன்றாட வேலை எதுவும் நிற்காது.

#12 – இரும்புமூட்டு

முன்னால் 105 என்று எழுதியிருக்கிறது. நல்லது தம்பி, மெஷின் வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். தையலுக்கு வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலம் மரத்துப்போயிருக்கிறதே, அது?

#13 – இயன்முறை

வெட்டும்போது தோலுக்குப் போகும் ஒரு சிறு நரம்புக் கிளை அறுபடும், பலருக்கும் உண்டு. காலப்போக்கில் சுருங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். மடங்குவதை அது பாதிக்காது.

#14 – நெறியாளர்

இழையை வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், தொட்டால் சூடாக இருந்தால், அதைத் தேய்க்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். ரத்தக்கட்டாக இருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவு. காய்ச்சல், தையலில் நீர் அல்லது சீழ், கூடிக்கொண்டே போகும் சிவப்பு, நேற்றுவரை தூக்க முடிந்த காலை இன்று தூக்கவே முடியாமை, இதற்கெல்லாம் இங்கே பதிவு போட்டுக் காத்திருக்க வேண்டாம்.

#15 – இடதுமுட்டி

அளந்தேன். குதிகால் 6 சென்டிமீட்டர் உயரமாக நிற்கிறது. நண்பரிடமும் கேட்டேன், அவருக்குத் தையல் இல்லையாம். கொஞ்சம் மூச்சு வந்தது.

இப்போது என்ன செய்ய வேண்டும்? எவ்வளவு நேரம்?

#16 – இயன்முறை

6 டிகிரி. வாங்கிவிடலாம், ஆனால் இதுவே முழுநேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிசியோவிடம் இதைக் காட்டி, அவர் சரி என்றால் ஆரம்பியுங்கள்.

மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் மட்டும் சுருட்டிய துண்டை வையுங்கள். கெண்டைக்காலும் தொடையும் எதையும் தொடாமல் முட்டி தன் எடையிலேயே இறங்கட்டும். பத்து நிமிடம். முதல் இரண்டு நிமிடம் தசை எதிர்க்கும், அப்புறம் விட்டுக்கொடுக்கும். ஒருமுறை அரைமணி நேரம் கிடப்பதைவிட ஒரு நாளில் நான்கைந்து முறை பத்துப் பத்து நிமிடம் நல்லது. மெதுவான சின்ன இழுவை நீண்ட நேரம் இருந்தால்தான் திசு நீளும், வெடுக்கென்று அழுத்தினால் அது திருப்பி இறுகும்.

துண்டை எடுத்த உடனே, கிடைத்த நீட்டலைத் தசையால் பிடித்துவையுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையில் அழுத்தி, சில்லைத் தொடைப்பக்கம் இழுக்க வேண்டும். சில்லின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், அது மேலே ஏறுவது தெரிய வேண்டும். ஏறாவிட்டால் இரண்டு காலிலும் சேர்த்துச் செய்யுங்கள், நல்ல காலைப் பார்த்து இது கற்றுக்கொள்ளும். அப்படியும் எழும்பாவிட்டால் உங்கள் பிசியோவிடம் மின்தூண்டல் (லேசான மின்சாரத்தால் தசையை இயக்குவது) வைக்கச் சொல்லுங்கள். ஐந்து வினாடி பிடித்து விடுவது. காலைத் தூக்கும்போது தொங்குகிறது என்றீர்களே, அது நிற்கும்வரை ஊன்றுகோலை வீசிவிடாதீர்கள்.

சில்லையும் கவனியுங்கள். கால் நீட்டித் தளர்ந்திருக்கும்போது கட்டைவிரல்களால் அதை மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்துங்கள். முட்டி மடங்க அது கீழே வழுக்க வேண்டும். மேலே இறுக்கிப் பிடிக்கிறது என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். அந்த 95க்குப் பாதிக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

மடக்குவதற்குக் குதிகாலைத் தரையில் வழுக்கி இழுப்பது, தட்டும்திருகும் சொன்ன நாற்காலி முறை, இரண்டும் போதும். எடை ஏற்றி ஆழமாகக் குந்துவது இன்னும் சில மாதங்களுக்குக் கிடையாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை இருந்தால், அதைப் பயிற்சிக்கு அரைமணி, முக்கால்மணி முன்னால் வருகிற மாதிரி நேரம் அமைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கால் நெஞ்சைவிட உயரத்தில், அப்போதும் தாங்கல் குதிகாலிலிருந்து, முட்டிக்கு அடியில் அல்ல.

இரண்டு, மூன்று வாரத்தில் 6 என்பது குறையவே இல்லை என்றால், அல்லது கடைசியில் கட்டையில் முட்டுகிற மாதிரி நின்றால், காத்திருக்காமல் அறுவை செய்தவரைப் பாருங்கள்.

#17 – தட்டும்திருகும்

வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். காலை நீட்டி வைத்து, முட்டியின் உள்பக்கத்தைக் கீழிருந்து மேலாக உள்ளங்கையால் வழித்துவிடுங்கள். அங்கே இருக்கும் நீர் மேலே போய்விடும். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழியுங்கள். உள்பக்கக் குழியில் சின்னதாக அலைபோல் உப்பி வந்தால் உள்ளே இன்னும் நீர் இருக்கிறது. காலையில் எழுந்ததும் பார்த்துவிட்டு அன்றைய வேலையை முடிவு செய்வேன்.

#18 – சைக்கிள்பைத்தியம்

நிலையான சைக்கிளை யாரும் சொல்லவில்லையே! மடங்குவதற்கு அதைவிட இனிமையான மருந்து இல்லை. முழுச் சுற்று சுற்ற 105, 110 டிகிரி வேண்டும், அதுவரை அரைச் சுற்று முன்னால், அரைச் சுற்று பின்னால் என்று ஆட்டிக்கொண்டே இருங்கள். சீட்டை நன்றாக உயர்த்திவிட்டு ஆரம்பியுங்கள், உயரம் கூடினால் மடங்க வேண்டியது குறையும். இடுப்பைத் தூக்கி ஏமாற்றிச் சுற்றாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். சுற்றுவது சுலபமானதும் சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். எதிர்ப்பு விசையைப் பூஜ்யத்திலேயே வையுங்கள், இது உடற்பயிற்சிப் போட்டி இல்லை.

#19 – இடதுமுட்டி

சில வாரம் கழித்து வருகிறேன். குதிகால் வித்தியாசம் 1 சென்டிமீட்டர்தான். மடங்குவது 118. வேடிக்கை என்னவென்றால் மடக்குவதற்கு நான் பாதி நேரம்கூட ஒதுக்கவில்லை. வீக்கம் வடிந்ததும் அது பாட்டுக்குக் கூடியது. சைக்கிளில் முழுச் சுற்று வருகிறது, முதல் தடவை பின்பக்கமாகத்தான் சுற்றியது.

இப்போதைய சிக்கல் படி இறங்குவது. ஏறிவிடுகிறேன். இறங்கும்போது கடைசியில் இடது கால் கைவிட்டு, தொப்பென்று கீழ்ப் படியில் விழுகிறேன். இன்னும் மடங்க வேண்டுமோ?

#20 – இரும்புமூட்டு

எனக்கு 97 ஆகிவிட்டது. மயக்கம் கொடுக்கும் பேச்சு நின்றுவிட்டது. படி இறங்கும்போது நான் ஆபரேஷன் காலை முதலில் கீழே வைத்து, ஒரே படியில் இரண்டு காலையும் சேர்த்துத்தான் இறங்குகிறேன், தம்பி. அவசரம் என்ன?

#21 – இயன்முறை

இறங்க 100 போதும், உங்களிடம் 118 இருக்கிறது. குறை மடங்குவதில் இல்லை, முன் தொடையில். இறங்கும்போது மேல் படியில் நிற்கும் இடது கால்தான் உடம்பின் முழு எடையையும் மெல்ல இறக்கிவிட வேண்டும். நீண்டுகொண்டே பாரம் தாங்குவது அந்தத் தசைக்குக் கடைசியாகத்தான் திரும்பி வரும். அதுவரை அம்மா சொன்னபடியே இறங்குங்கள்.

கூடவே 10 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஆடாத பலகையில் இடது காலால் நில்லுங்கள். கை சுவரில் இருக்கட்டும். வலது குதிகால் தரையை லேசாகத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் இறங்கி, அதில் எடை போடாமல் திரும்ப எழுங்கள். எதிரே கண்ணாடி வையுங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தாலோ, இடுப்பு ஒரு பக்கம் சரிந்தாலோ உயரம் உங்களுக்கு அதிகம், பலகையைக் குறையுங்கள். பத்து முறை சாயாமல் வந்தால் அடுத்த உயரம். மறுநாள் காலை தட்டும்திருகும் சொன்ன மாதிரி வழித்துப் பாருங்கள், நீர் வந்திருந்தால் ஒருநாள் ஓய்வு.

அந்த 1 சென்டிமீட்டருக்காகக் குதிகால் துண்டை இன்னும் கொஞ்ச நாள் விடாதீர்கள், காலையும் இரவும் ஒவ்வொரு முறை போதும்.

#22 – கோல்கீப்பர்77

பலகை வேலையை நானும் செய்து பார்த்தேன். ஆபரேஷன் ஆகி இத்தனை வருடம் கழித்தும் அந்த முட்டி உள்ளே சாய்கிறது, ஐயா. இதற்கு என்ன செய்வது?

#23 – இயன்முறை

இடுப்பின் பக்கத் தசையைப் பார்க்க வேண்டும். புது இழை தொடங்குங்கள், கோல்கீப்பர், அங்கே வருகிறேன்.